அவிய, அவி, அவை

எனக்குப் பொறாமை அதிகம். இதைச் சொல்ல வெட்கமில்லை. வெட்கப்பட்டாலும் பயனில்லாத வயது வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினால் எனக்கு ஒன்றும் ஆகாது. எவனாவது ஒரு வரி எழுதி, அதை நாலு பேர் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியர் நான். இருபத்திரண்டு வருடமாக உயர்திணை, அஃறிணை சொல்லிக்கொடுத்து வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் முகநூலில் ஒரு கட்டுரை எழுதுவேன். ஒற்று விடாமல், சந்தி பிசகாமல் மூன்று முறை திருத்திய பிறகே போடுவேன். பதினொரு லைக் விழும். பன்னிரண்டாவது விழுந்ததே இல்லை. யார் யார் என்று எனக்கு மனப்பாடம். சக ஆசிரியர்கள் நாலு பேர், பழைய மாணவர்கள் ஐந்து பேர், வெளியூரிலிருக்கும் என் தம்பி, அப்புறம் என் மாமியார். தம்பி படிக்காமலே கட்டைவிரலை அமுக்குகிறவன். முழுக்கப் படிக்கிறவர் என்று பார்த்தால் மாமியார் ஒருவர்தான்.

அவர் இருப்பது ராஜபாளையத்தில். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். நூல் மில்லில் ரீலிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். விரல் பட்டால் திரை நகர்ந்துவிடும் என்பதால் விரலைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் போவார். ஒரு கட்டுரைக்கு அரை மணி நேரம் ஆகும். முடித்ததும் லைக் போட்டுவிட்டு, புரியாத சொல்லுக்குப் போன் செய்து அர்த்தம் கேட்பார். அந்த லைக்கை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை. வீட்டு ஆள் போடுவது ஒரு லைக்கா? எனக்கு ஊரார் வேண்டியிருந்தது.

அந்த ஊரார் எல்லாம் என் கூட்டாளியிடம் இருந்தார்கள்.

அவன் சேத்தூர்க்காரன். ராஜபாளையத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். தமிழ் இரண்டாம் தாளில் கடிதம் எழுதும் கேள்வியை என்னைப் பார்த்து எழுதி, விடுநர் என்ற இடத்தில் என் முகவரியையும் சேர்த்து எழுதி மாட்டிக்கொண்டவன். இப்போது அங்கேயே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நம்ம ஊர் என்று பொருள்படும்படி ஒரு முகநூல் பக்கம், அதற்குத் துணையாக ஏழெட்டு வாட்ஸப் குரூப். பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் மட்டும் எங்கள் டவுனில் பாதி இருக்கும். அவனுக்கு ழகரம் வராது. ஒரு பொங்கலுக்கு, 'தமிழ் வாள்க' என்று போட்டான். அதற்கு இரண்டாயிரம் லைக். வாளையும் வாழ்வையும் பிரிக்கத் தெரியாதவனுக்கு இரண்டாயிரம் பேர்.

பக்கம் முதலில் சாதுவாகத்தான் இருந்தது. காணாமல் போன நாய், சப்பட்டை மாங்காய் வரத்து, கூமாப்பட்டிப் பக்கம் மழை பெய்த வீடியோ, ரத்தம் தேவை, பர்ஸ் கண்டெடுக்கப்பட்டது. எல்லோரும் சேர்ந்தார்கள். என் மனைவியும் சேர்ந்தாள். நான்கூடச் சேர்ந்தேன், பிழை எண்ணுவதற்காக. ஒரு வருடம் கழித்து நடுநடுவே கேள்விகள் வர ஆரம்பித்தன. மில்லில் நம்ம பிள்ளைகளுக்கு ஏன் வேலை இல்லை? பஸ்ஸில் யார் உட்கார்ந்து வருகிறார்கள், யார் நின்று வருகிறார்கள்? கேள்விக்குப் பதில் இருக்காது. பதிலைக் கீழே மற்றவர்கள் எழுதுவார்கள். அவன் கை சுத்தம்.

பிறகு கதைகள் வந்தன. வடக்கிலிருந்து மில் வேலைக்கு வந்தவர்கள் வ. புதுப்பட்டியில் ஒரு கிணற்றடியில் என்னமோ செய்துவிட்டார்கள் என்று ஒரு கதை. மறுவாரம் அதே கதை வேறு மாவட்டத்துப் பக்கமொன்றில் வந்தது. ஊர்ப்பெயர் மாறியிருந்தது, கிணறு குளமாகியிருந்தது, மற்றதெல்லாம் அப்படியே. ஒரு இயக்கம் எங்கிருந்தோ எழுதி அனுப்ப, ஊருக்கு ஒருவன் பெயரை மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஊருக்கு என் கூட்டாளி.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் எனக்குக் கோபம் வந்த விஷயம் வேறு. ஒருநாள் காலையில் என் மனைவி அடுக்களையில் போனைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அவன் போட்ட ஏதோ நக்கல். அவள் என் கட்டுரை ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. பாதியில் பால் பொங்கும், கிரைண்டர் நிற்கும், யாராவது கூப்பிடுவார்கள். அவன் எழுதியதை மட்டும் கடைசி வரை படித்தாள், இரண்டாம் தடவையும் படித்தாள். அது என்ன எழுத்து என்று கேட்டேன். எழுத்தா முக்கியம், நம்ம கூடப் பேசுற மாதிரி இருக்கு என்றாள். நான் சட்டினி போட்டுக்கொள்ளாமல் இட்லியைத் தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.

அன்று சாயங்காலமே ராஜபாளையம் பஸ் ஏறி அவன் கடைக்குப் போனேன். ஊருக்குள் பகையை மூட்டாதே என்று சொல்லத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் எப்படிச் செய்கிறான் என்று பார்க்கப் போனேன்.

அவன் ஒளிக்கவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் காட்டினான். எந்தப் பதிவு எத்தனை பேரிடம் போனது என்று கோடுகோடாக இருந்தது. மாங்காய்க்கும் மழைக்கும் கோடு தரையிலேயே கிடந்தது. மில்காரர்களைப் பற்றி எழுதிய இடங்களில் எழும்பி நின்றது. "கோவம் வந்தாத்தான் மாப்ளே விரல் அமுங்கும். நல்லது சொன்னா நல்லாருக்குன்னுட்டுப் போயிருவான்" என்றான்.

இன்னொன்றும் சொன்னான். எந்தப் பதிவிலும் 'நாங்கள்' என்று எழுதவே மாட்டானாம். 'நாம்' மட்டும்தான். நாங்கள் என்றால் படிக்கிறவன் வெளியே நிற்பான், நாம் என்றால் அவன் உள்ளே வந்துவிட்டான், வந்தவனைப் பொறவு வெளியே விடக் கூடாது என்றான். இந்த வேறுபாட்டை நான் இருபத்திரண்டு வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வருகிறேன். ஒரு பிள்ளைக்குக்கூட இவ்வளவு சுருக்காகப் புரியவைத்ததில்லை. ழகரம் வராதவன் இலக்கணத்தில் என்னை ஜெயித்துவிட்டான்.

மறுநாள் போடப்போகும் பதிவைக் காட்டினான். 'அவர்கள் நம் ஊருக்குள் வந்துவிட்டது' என்று ஆரம்பித்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்பாடா, திணை வழு! மனிதரைச் சொல்லிவிட்டு அஃறிணையில் முடித்திருக்கிறாய், 'வந்துவிட்டார்கள்' என்று இருக்க வேண்டும் என்றேன். அவன் முகம் சுளித்தான். "வந்துட்டாருகன்னா ஏதோ விருந்தாளி வந்த மாதிரில்லா இருக்கு. மரியாதை கூடிப்போகுது மாப்ளே" என்றான்.

அந்த இடத்தில் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். எனக்கு என் வீட்டு வேடிக்கை ஒன்று ஞாபகம் வந்தது.

எங்கள் கல்யாணத்தின்போது நடந்தது அது. எங்கள் பக்கத்துப் பேச்சில் பெரியவர்களை 'அவிய' என்போம். மாமியார், புதுச் சம்பந்திகளிடம் மரியாதை குறைந்துவிடக் கூடாதே என்ற பதற்றத்தில் கடைசி எழுத்தை விழுங்கிவிட்டு, என் அப்பாவையும் சித்தப்பாக்களையும் காட்டி, அவி சாப்ட்டாச்சா என்று கேட்டார். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர்கள் பாஷையில் 'அவி' என்று ஆடுமாடுகளையும் பொருள்களையும்தான் சொல்வார்களாம். ஒரு எழுத்துப் போனதில் என் அப்பா மாடாகிவிட்டார். அன்றிலிருந்து அது வீட்டு விளையாட்டு. மாமியார் வேண்டுமென்றே, எனக்குக் கேட்கட்டும் என்று தமிழில், அவி வந்தாச்சா, அவி காப்பி குடிச்சாச்சா என்று மகளிடம் என்னைப் பற்றி விசாரிப்பார். இத்தனை வருடத்தில் மகளிடம் அவர் என்னை வேறு எப்படியும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த அவியை எடுத்து நான் அவனிடம் கொடுத்தேன். மரியாதையும் வேண்டாம், பிழையும் வேண்டாம் என்றால் அரைகுறையாகச் செய்யாதே, முழுக்க அஃறிணையாக்கிவிடு என்றேன். 'அவை' என்று எழுது. அவை வந்தன, அவை பெருகின. இலக்கணமும் கெடாது. அவன் பேனாவை என் கையில் கொடுத்துவிட்டான். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எட்டு வரி எழுதினேன். 'அவை ஒன்றாக வரவில்லை, ஒவ்வொன்றாக வந்தன. அவை கதவைத் தட்டவில்லை. நாம்தான் திறந்து வைத்திருந்தோம்.' இப்படிப் போனது. எழுதும்போது மில்லில் நிற்கிற எந்த மனிதரும் என் கண்ணுக்குள் வரவில்லை. அந்தக் கோடு எழும்புமா என்பதுதான் மனதில் ஓடியது.

எழும்பியது. மறுநாள் மத்தியானத்துக்குள் என் ஆயுளில் நான் வாங்கிய லைக் எல்லாவற்றையும் அது தாண்டிவிட்டது. ஒருவர் அதைக் கம்பீரமான குரலில் படித்து அனுப்பினார். வேறு மாவட்டத்துப் பக்கங்களில் ஊர்ப்பெயரை மாற்றிப் போட்டார்கள். கமெண்டில், 'அட்மின் அண்ணே, எழுத்து நெருப்பு' என்று அவனைக் கொண்டாடினார்கள். நான் ஓய்வறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். செய்த காரியத்துக்காக எனக்குக் குற்ற உணர்வு வரவில்லை. என் எழுத்துக்கு அவன் பெயர் வாங்குகிறானே என்றுதான் குடல் எரிந்தது. இரண்டு பேரிடம் நான்தான் எழுதினேன் என்று சொல்லக்கூட வாயெடுத்தேன்.

சாயங்காலம் மனைவி போனை நீட்டினாள். இதை எழுதியது உங்கள் கூட்டாளியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"ஒரு பிழைகூட இல்லியே" என்றாள். சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் கடைசி வரை படித்த என் முதல் எழுத்து அது.

அதற்குப் பிறகு அந்தச் சொல் தன்போக்கில் நடக்க ஆரம்பித்தது. 'அவைகளை' என்று தப்பாக எழுதினார்கள். அது எனக்கு உறுத்தியது, மற்றது உறுத்தவில்லை. பஸ்ஸில் ஏறும் மில் பெண்களைப் பார்த்து, அவை வருதுடா என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்ததைக் கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காலாண்டுத் தேர்வுத் தாளில் மூன்று பிள்ளைகள், 'தொழிலாளர்கள் வடக்கிலிருந்து வந்தன' என்று எழுதியிருந்தார்கள். சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, ஓரத்தில் 'திணை வழு' என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தேன். அந்தப் பிழையைச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு யார் மதிப்பெண் குறைப்பது?

அடுத்து வந்த பதிவுதான் என்னை உலுக்கியது. 'வடக்கிலிருந்து வந்தவை மட்டுமா? நம் தெருவிலேயே, வீட்டுக்குள் வேறு மொழி பேசிக்கொண்டு, வெளியே நம்மைப் போலவே நடிப்பவை எத்தனை?' என்று கேட்டது அது. கீழே தெருப்பெயர்களை எழுத ஆரம்பித்திருந்தார்கள். மாமியார் தெருவும் இருந்தது.

கடைக்கு ஓடினேன். அவன் ஒரு போனின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரியின் ஆட்களையும் சேர்த்துவிட்டாயே என்றேன். அவன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "ஏலே, உன் வீட்டயா சொல்லுதேன்? அத்தய எனக்குத் தெரியாதா? இது பொதுவாச் சொல்லுதது" என்றான். அழிக்கச் சொன்னேன். அழித்தான். அழித்துவிட்டு, வேறு பதினாறு குரூப்பில் அது ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினான். எதிலும் அவன் அட்மின் இல்லை. நான் என்னத்தச் செய்ய என்று கையை விரித்துவிட்டு, ஸ்க்ரூவைத் தேடிக் கீழே குனிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு மாமியார் வீட்டுக்குப் போனேன். மாடியில் ஒரிசாவிலிருந்து மில் வேலைக்கு வந்த பெண்கள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். மாமியார் வேலை பார்த்த அதே ரீலிங் பிரிவு. ஊறுகாய்க்கும் கறிவேப்பிலைக்கும் இறங்கி வருவார்கள், பாஷை தெரியாமலே மூன்று பேரும் மணிக்கணக்கில் பேசுவார்கள். போன பொங்கலுக்கு வெள்ளையடித்த காம்பவுண்டுச் சுவர். அதில் கறுப்புப் பெயிண்டில், ஆளுயரத்துக்கு இரண்டே எழுத்து.

அவை.

அந்த நொடியில் எனக்கு முதலில் தோன்றியதை மறைக்கக் கூடாது. பிழையில்லாமல் எழுதியிருக்கிறான் என்றுதான் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அது யார் வீட்டுச் சுவர் என்று உறைத்தது.

மாமியார் வாசலில் நின்று அதை விரலைத் தள்ளிப் பிடித்தே படித்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தது. எங்கள் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒருமுறை வந்திருந்தார். நான் மேடையேறி, அவையோர்க்கு வணக்கம் என்று ஆரம்பித்தபோது முன்வரிசையில் தனியாகக் கைதட்டியவர் அவர்தான். வீட்டுக்கு வந்து அவையென்றால் என்ன என்று கேட்டார். சபை என்று சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"மாப்பிள்ளை, அவைன்னா சபைதான? நீங்கதான் சொன்னீக. நம்ம வீட்டுல ஏதும் மீட்டிங் போடப் போறாகளா?" என்று கேட்டார்.

மனைவி என்னைப் பார்த்தாள். "சொல்லுங்க. நீங்க எழுதுனதுதான, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"ஆமா அத்தை. நான் எழுதுனதுதான்" என்றேன்.

மாமியாருக்கு அவ்வளவு சந்தோஷம். மாடிப் பெண்கள் மண்ணெண்ணெய்த் துணியும் வாளியுமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். "வேண்டாம், வேண்டாம். எங்க மாப்பிள்ளை எழுத்தாம். அழிக்க வேண்டாம்" என்றார்.

மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அவைன்னா அவி, அம்மா."

விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மாமியார் சுவரைப் பார்த்தார். வாளியோடு படியில் நின்ற பெண்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாத சொல்லுக்கு அர்த்தம் கேட்கும்போது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார். அந்தப் பெண்களின் கையிலிருந்து துணியை வாங்கித் தானே துடைக்க ஆரம்பித்தார். நானும் ஒரு துணியை எடுத்தேன். பெயிண்ட் போகவில்லை, சுண்ணாம்புதான் போனது.

கை கழுவிவிட்டு உள்ளே போகும்போது மகளிடம் சொன்னார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். மகளிடம் அவர் தமிழில் பேசுவது எனக்குக் கேட்க வேண்டும் என்றால்தான்.

"அவிய காப்பி குடிப்பாகளான்னு கேளு."

ஒரு எழுத்தையும் விழுங்காமல், யகரத்தை நன்றாக அழுத்திச் சொன்னார். இத்தனை வருடத்தில் முதல்முறையாகப் பிழையில்லாமல் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல் ஒரு கட்டுரை போட்டேன். அந்தச் சொல்லை எழுதியவன் நான்தான், கூட்டாளி இல்லை, பொறாமையில் செய்தேன் என்று பெயர் போட்டு எழுதினேன். மூன்று முறை திருத்தாமல் அப்படியே போட்டேன். இரவு படுக்கும் முன் ஒருமுறையும், விடிந்ததும் ஒருமுறையும் பார்த்தேன்.

பத்து லைக் விழுந்திருந்தது.